ஒரு பழைய செவர்லே வேனும் என்.டி.ஆரும்

எலக்‌ஷன் தேதி அறிவிச்ச வாரம் ஒரு தடவை நம்ம மேட்டுப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்க. கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் இல்ல, நம்ம புதுச்சேரி லாரி டெர்மினல் இருக்கிற மேட்டுப்பாளையம். நேத்து வரைக்கும் கல்யாண சவாரிக்கு ஓடின வேன் ஒண்ணு சீட்டெல்லாம் கழட்டி நிக்கும். கூரையில சதுரமா ஒரு ஓட்டை வெட்டியிருப்பாங்க. உள்ள ஏணி, மேல கைப்பிடிக் கம்பி, நாலு மூலையிலயும் கூம்பு ஸ்பீக்கர், பக்கவாட்டுல கட்சிக் கலர். ரெண்டு நாள்ல டிங்கரிங், பட்டி, பிரைமர், பெயின்ட், ஸ்டிக்கர் எல்லாம் முடிஞ்சு ஒரு புது வண்டி வெளிய வந்திடும். தலைவர் உள்ள இருந்து ஏறுவார், இடுப்பு வரைக்கும் கூரைக்கு மேல தெரிவார், கை கூப்புவார். நமக்கு இது ரொம்ப சாதாரணமான காட்சி. முத்தியால்பேட்டையில இந்த மாதிரி ஒரு வேன் குறுக்க நின்னதால லேப் எக்ஸாமுக்கு லேட்டா போனவங்க நம்ம காலேஜ்லயே இருக்காங்க.

ஆனா வேனை ஒரு மேடையா, வீடா, விளம்பரப் பலகையா மாத்தி, மாசக்கணக்கா அதுலயே வாழ்ந்து, அதுல இருந்தே ஒரு மாநிலத்தைப் பிடிச்சவர் ஒருத்தர் இருந்தார். நந்தமூரி தாரக ராமாராவ். சுருக்கமா என்.டி.ஆர். நம்மள்ல பலர் பிறக்கிறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். "கர்ணன்" படத்துல கிருஷ்ணரா வருவாரே, அவர்தான்னு சொன்னா உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு உடனே முகம் ஞாபகம் வரும். உங்களுக்கு வரலைன்னா ஹாஸ்டல்ல யானம் பசங்க யாரையாவது கேளுங்க. யானம் நம்ம யூனியன் பிரதேசம்தான், ஆனா இங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல தள்ளி, ஆந்திராவுக்கு நடுவுல இருக்கு. அங்க என்.டி.ஆர் யாருன்னு கேட்டா உங்களை ஒரு மாதிரி பார்ப்பாங்க.

அவர் பிறந்தது 1923 மே 28, கிருஷ்ணா மாவட்டத்துல நிம்மகூரு கிராமம். விவசாயக் குடும்பம். பணம் இறுகினப்போ விஜயவாடாவுல ஹோட்டல்களுக்குப் பால் ஊத்திக்கிட்டே படிச்சார். காலேஜ் நாடகத்துல ஒரு பெண் வேஷம் கொடுத்திருக்காங்க. மீசையை எடுக்கணும்னு சொன்னதுக்கு முடியாதுன்னுட்டார். மீசையோடவே நாகம்மாவா நடிச்சார். அதனால "மீசைக்கார நாகம்மா"ன்னு ஒரு பட்டப்பேர் ஒட்டிக்கிச்சு. இந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி வரும். டிகிரி முடிச்சு சப் ரிஜிஸ்ட்ரார் வேலை கிடைச்சது. அரசாங்க உத்தியோகம்! மூணு வாரம்கூட தாங்கல, விட்டுட்டு சினிமாவுக்காக மெட்ராஸ் வந்துட்டார். பிளேஸ்மென்ட்ல கிடைச்ச வேலையை விடலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டு இருக்கிற என் கிளாஸ்மேட்ஸ் இதைப் படிச்சிட்டு எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

சினிமாவை வேகமா தாண்டிடுறேன், ஏன்னா அதை எழுதினா இந்த இதழ் பத்தாது. 1949-ல "மன தேசம்" முதல் படம். 1951-ல "பாதாள பைரவி". 1957-ல "மாயாபஜார்", தமிழ்லயும் தெலுங்குலயும், கிருஷ்ணரா. அதுக்கப்புறம் ராமர், கிருஷ்ணர்னா ஆந்திராவுல அவர் முகம்தான். தி.நகர் பசுல்லா ரோட்டுல அவர் வீடு இருந்தது. திருப்பதிக்கு வந்த தெலுங்கு ஜனங்க சாமி கும்பிட்ட கையோட பஸ் பிடிச்சு அங்க வந்து, வாசல்ல நின்னு அவரையும் பார்த்துட்டுத்தான் ஊருக்குப் போவாங்க. "நர்த்தனசாலா" படத்துக்காக நாற்பது வயசுல குச்சிப்புடி கத்துக்கிட்டவர். மொத்தம் சுமார் 300 படம்.

இன்னொரு விஷயம். ரோட்டுல இறங்கி ஜனங்க முன்னாடி நிக்கிறது அவருக்கு அரசியலால வந்த பழக்கம் இல்ல. 1952-ல ராயலசீமா பஞ்சத்துக்கு நிதி திரட்ட மத்த நடிகர்களோட ஊர் ஊரா போனார். 1977 நவம்பர்ல திவிசீமாவைப் புயல் அடிச்சு ஆயிரக்கணக்கான பேர் இறந்தப்போ, அக்கினேனி நாகேஸ்வர ராவும் இவரும் தெருத்தெருவா போய்ப் பணம் சேர்த்தாங்க. திரையில பார்த்த கிருஷ்ணர் நம்ம தெருவுல, நம்ம உயரத்துல நின்னா என்ன ஆகும்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும்.

இப்ப 1982-க்கு வாங்க. ஆந்திராவுல காங்கிரஸ் ஆட்சி. அஞ்சு வருஷத்துல நாலு முதலமைச்சர். டெல்லி நினைச்சா மாத்தும். அந்த வருஷம் பிப்ரவரியில ஹைதராபாத் பேகம்பேட் ஏர்போர்ட்டுல ராஜீவ் காந்தி, அப்போ முதலமைச்சரா இருந்த அஞ்சய்யாவை எல்லார் முன்னாடியும் கடிஞ்சுக்கிட்டது பெரிய விஷயமாச்சு. தெலுங்கு மக்களோட தன்மானம் போச்சுன்னு பேச்சு கிளம்பிச்சு. 1982 மார்ச் 29 அன்னைக்கு என்.டி.ஆர் தெலுங்கு தேசம் கட்சியை ஆரம்பிச்சார். அப்போ அவருக்கு வயசு 58. சின்னம் சைக்கிள், கலர் மஞ்சள்.

கட்சி ரெடி. ஆனா ஜனங்ககிட்ட எப்படிப் போறது? டிவியும் ரேடியோவும் முழுக்க அரசாங்கத்தோடது. தூர்தர்ஷன்ல எதிர்க்கட்சிக்காரர் பேசறதை நினைச்சுக்கூட பார்க்க முடியாது. "ஈநாடு" பத்திரிகை ஆதரவா இருந்தது, ஆனா படிக்கத் தெரியாதவங்க அன்னைக்கு மாநிலத்துல பாதிக்கும் மேல. மிச்சம் இருந்தது ரோடு மட்டும்தான். அப்போ வந்ததுதான் அந்த வேன்.

1940 மாடல் செவர்லே. அதாவது அவர் அதை எடுத்தப்பவே வண்டிக்கு வயசு 42! புது வண்டி வாங்க அவர்கிட்ட பணம் இல்லாம இல்ல, ஹைதராபாத்துல சொந்தமா ஸ்டுடியோவே வச்சிருந்தவர். அப்புறம் ஏன் ஒரு கிழட்டு வண்டி? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கல் அறிவை வச்சு யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் காலத்து செவர்லேல சேஸி தனி, பாடி தனி. ரெண்டு நீளமான இரும்புச் சட்டம், நடுவுல குறுக்குச் சட்டங்கள், ஏணியைப் படுக்க வச்ச மாதிரி. இன்ஜின், கியர்பாக்ஸ், லீஃப் ஸ்பிரிங் எல்லாம் அந்த ஏணியிலதான் உட்கார்ந்திருக்கும். மேல இருக்கிற கூண்டை நீங்க எப்படி வேணா வெட்டலாம், உயர்த்தலாம், புதுசாவே கட்டலாம். பாரம் தாங்குறது கீழ இருக்கிற ஏணி. அந்தக் கால செவர்லே இன்ஜின் 6 சிலிண்டர், 216 கன அங்குலம், அதாவது சுமார் மூன்றரை லிட்டர். வேகம் வராது, ஆனா நடந்து போற வேகத்துல கூட்டத்துக்கு நடுவுல நாள் முழுக்க உருட்டலாம்.

இதே வேலையை உங்க மாமாவோட ஆம்னியில பண்ணிப் பாருங்க. பண்ணாதீங்க, சும்மா சொன்னேன். ஆம்னி மோனோகாக். தனி சேஸி கிடையாது, பாடிதான் சேஸி. கூரையும் தூணும் தரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குது. கூரையில ஓட்டை போட்டா முட்டையோட மேல் ஓட்டை உடைச்ச மாதிரி, மொத்தமும் தளர ஆரம்பிச்சிடும். சுத்தி ஃப்ரேம் கொடுத்து வெல்டிங் பண்ணாம யாராவது வெட்டிக் கொடுத்தா அந்தப் பட்டறைக்குத் திரும்பப் போகாதீங்க.

செவர்லேயை மாத்தினாங்க. மேல நின்னு பேச இடம், அதுக்கு ஏறுற வழி, மைக், ஸ்பீக்கர், ராத்திரியில முகம் தெரியறதுக்கு விளக்கு. உள்ள உட்கார, படுக்க, துணி மாத்த வசதி. வண்டி மேல கட்சியோட அழைப்பு வாசகம். பேர் வச்சாங்க: சைதன்ய ரதம். விழிப்பு உண்டாக்குற தேர்னு வச்சுக்கலாம். ராமாராவ் சினிமாக்காரர், அவருக்கு லைட்டிங் தெரியும், எந்தக் கோணத்துல நின்னா ஆள் பெரிசா தெரிவான்னு தெரியும். நீங்க கீழ நிக்கிறீங்க, அவர் பத்தடி மேல நிக்கிறார், பின்னாடி வெறும் வானம். சினிமாவுல சாமியைக் காட்டுற லோ ஆங்கிள் ஷாட்டேதான் இது, கேமரா மட்டும் இல்ல. ஆனா டிரெஸ் விஷயத்துல நேரெதிர். கிரீடம், பட்டு எதுவும் இல்ல. காக்கிச் சட்டை, காக்கி பேன்ட், ஒரு லாரி டிரைவர் போடுற மாதிரி. சாமி உயரத்துல டிரைவர் உடுப்பு. இதை யோசிச்சவர் சாதாரண ஆள் இல்ல.

இந்த இடத்துல ஒரு சின்னக் கணக்கு போட ஆசைப்படுறேன், ஸ்கிப் பண்ணிடாதீங்க. வண்டி 2000 கிலோ, அதோட ஈர்ப்பு மையம் தரையில இருந்து 0.8 மீட்டர்னு வச்சுக்குங்க. கூரையில நாலு பேர் ஏறி நிக்கிறாங்க, மொத்தம் 300 கிலோ, அவங்க ஈர்ப்பு மையம் தரையில இருந்து 3 மீட்டர். சேர்த்துப் பார்த்தா வண்டியோட ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 1.09 மீட்டருக்கு ஏறிடுது. வளைவுல கவிழாம தாங்குற எல்லை சுமார் கால் பங்கு குறைஞ்சிடும். இதுக்கு மேல பள்ளம், மேடு, வண்டியைப் பிடிச்சுத் தொங்குற ஜனம். எல்லாம் டிரைவர் கையிலதான் இருக்கு.

அந்த டிரைவர் அவர் மகன் ஹரிகிருஷ்ணா. 1977-ல என்.டி.ஆர் "தான வீர சூர கர்ணா"ன்னு ஒரு படம் எடுத்தார். அவரே டைரக்டர், அவரே கர்ணன், அவரே துரியோதனன், அவரே கிருஷ்ணர். அதுல அர்ஜுனனா நடிச்சது ஹரிகிருஷ்ணா. திரையில அப்பா தேரோட்டி, மகன் வீரன். அஞ்சு வருஷம் கழிச்சு ரோட்டுல மகன் தேரோட்டி, அப்பா வீரன். இதைக் கதையில எழுதினா ஓவரா இருக்குன்னு நீங்களே சொல்வீங்க. நிஜமா நடந்திருக்கு.

எத்தனை கிலோமீட்டர் ஓடிச்சு? 75,000-னு சொல்வாங்க. இதையும் கணக்குப் போட்டேன். கட்சி ஆரம்பிச்ச நாள்ல இருந்து 1983 ஜனவரி 5 ஓட்டுப்பதிவு வரைக்கும் 282 நாள். ஒரு நாளைக்கு 266 கிலோமீட்டர் வருது. 42 வயசு வண்டி, அன்னைக்கு இருந்த கிராமத்து ரோடு, ஊருக்கு ஊர் கூட்டம். எனக்கு என்னமோ அந்த நம்பர் கொஞ்சம் ஏத்திச் சொன்னதாத்தான் படுது. ஆனா அதுல பாதின்னு வச்சாலும் 37,000. நம்ம ஊர்ல இருந்து யானத்துக்கு இருபது தடவைக்கு மேல போயிட்டுத் திரும்பி வரலாம். எத்தனை கிளட்ச் பிளேட் மாத்தினாங்கன்னு யாராவது எழுதி வச்சிருந்தா அதுக்குத் தனியா ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

தூக்கம் வேன்லயே. சாப்பாடு ரோட்டோரம். காலையில வண்டியை ஓரங்கட்டி, திறந்த வெளியில குளிச்சு ஷேவ் பண்ணிக்கிட்டார், ஜனம் சுத்தி நின்னு பார்க்குது. பங்களாவும் ஏசி அறையும் பழகின ஒரு சூப்பர் ஸ்டாரை இப்படிப் பார்த்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? சாயங்காலம் ஆறு மணிக்கு வர வேண்டியவர் நடுராத்திரி ரெண்டு மணிக்கு வருவார். அது வரைக்கும் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு, ஆரத்தித் தட்டோட பொம்பளைங்க ரோட்டுல காத்திருப்பாங்க. கொஞ்சம் பேசிட்டுக் கிளம்பிடுவார், அடுத்த ஊர்ல அதே மாதிரி ஒரு கூட்டம்.

ரிசல்ட் வந்துச்சு. 294 சீட்டுல 200-க்கும் மேல. கட்சிக்கு வயசு 9 மாசம். 1983 ஜனவரி 9, ஹைதராபாத் லால் பகதூர் ஸ்டேடியத்துல ஜனங்க முன்னாடி பதவி ஏத்துக்கிட்டார். ஆந்திராவோட முதல் காங்கிரஸ் அல்லாத முதலமைச்சர்.

ஆட்சியில நல்லதும் இருக்கு, தலைவலியும் இருக்கு. கிலோ 2 ரூபா அரிசி கொடுத்தார். பரம்பரை கிராம அதிகாரி முறையை ஒழிச்சார். பெண்களுக்கு அப்பா சொத்துல சம பங்குன்னு சட்டம் கொண்டு வந்தார், தேசம் முழுக்க அது வர்றதுக்கு இருபது வருஷம் முன்னாடியே. மெட்ராஸுக்குக் குடிதண்ணி தர தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு 1983-ல எம்.ஜி.ஆரோட சேர்ந்து ஒப்பந்தம் போட்டார். இன்னொரு பக்கம், அரசு ஊழியர்களோட ஓய்வு வயசை 58-ல இருந்து 55-ஆக் குறைச்சு பெரிய ஸ்ட்ரைக்கை இழுத்துக்கிட்டார். 1989-ல ஒரே நாள்ல மொத்த மந்திரிசபையையும் தூக்கினார். மீசையை எடுக்க மாட்டேன்னு நின்ன அதே பிடிவாதம்தான். காலேஜ் மேடையில அது அழகா இருந்தது. செகரட்டேரியட்ல அந்த அளவுக்கு அழகா இல்ல.

நடுவுல 1984. அமெரிக்காவுல இதய ஆபரேஷன் பண்ணிட்டு அப்பதான் திரும்பியிருந்தார். ஆகஸ்ட் 16 அன்னைக்கு கவர்னர் ராம்லால் அவரை டிஸ்மிஸ் பண்ணி, அவர் மந்திரிசபையிலயே இருந்த நாதெண்ட்லா பாஸ்கர ராவை முதலமைச்சராக்கிட்டார். என்.டி.ஆர் தன்னோட எம்.எல்.ஏ.க்களைப் பத்திரமா ஒரே இடத்துல வச்சார், டெல்லிக்குக் கூட்டிட்டுப் போய் ஜனாதிபதி முன்னாடி நிறுத்தினார், தானே வீல்சேர்ல உட்கார்ந்து. தேசம் முழுக்க எதிர்க்கட்சிகள் கூட நின்னாங்க. சரியா ஒரு மாசம், செப்டம்பர் 16-ல பதவி திரும்பக் கிடைச்சது. எம்.எல்.ஏ.க்களை மொத்தமா ஒரு இடத்துல அடைச்சு வச்சா ஆட்சி நிக்கும்னு ஆந்திரா அன்னைக்குப் பார்த்துச்சு. பார்த்தவங்கள்ல அவரோட மருமகன் சந்திரபாபு நாயுடுவும் ஒருத்தர்.

1989-ல கட்சி தோத்துச்சு, கல்வகுர்த்தியில அவரே தோத்தார். வேன்ல ஊர் ஊரா படுத்துத் தூங்கின ஆளுக்கு நடுவுல ஊரோட தொடர்பு விட்டுப் போச்சுன்னுதான் எனக்குத் தோணுது. காக்கி போய்க் காவி உடுப்பு வந்துடுச்சு. முதலமைச்சர் அறையில கூரைக்கு மேல ஏறி நிக்க வழி கிடையாது. 1994-ல மறுபடி ரோட்டுக்கு வந்தார், மறுபடி 200-க்கு மேல சீட். வயசு 71. முந்தின வருஷம்தான் லட்சுமி பார்வதியை ரெண்டாவது கல்யாணம் பண்ணியிருந்தார். கட்சியில அவங்க கை ஓங்குதுன்னு குடும்பத்துக்குள்ளயே புகைச்சல்.

1995 ஆகஸ்ட்ல வெடிச்சது. பெரும்பான்மை எம்.எல்.ஏ.க்கள் சந்திரபாபு பக்கம் போயிட்டாங்க. ஹைதராபாத் டேங்க் பண்ட் பக்கத்துல வைஸ்ராய் ஹோட்டல்ல எல்லாரையும் தங்க வச்சிருந்தாங்க. 1984-ல அவரைக் காப்பாத்தின அதே டெக்னிக், இந்தத் தடவை அவருக்கு எதிரா.

அப்ப என்.டி.ஆர் என்ன பண்ணார் தெரியுமா? சைதன்ய ரதத்தை வெளிய எடுத்தார். வண்டிக்கு வயசு 55. அவருக்கு 72. வேன்ல ஏறி நேரா வைஸ்ராய் ஹோட்டல் வாசலுக்குப் போய் நின்னார். உள்ள இருக்கிறவங்க எல்லாரும் இந்த வண்டி ஓடினதாலதான் எம்.எல்.ஏ. ஆனவங்க, வெளிய வந்து பார்த்தா மனசு மாறும்னு நினைச்சிருப்பார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து செருப்பு வந்து விழுந்துச்சு. அவர் மேலதான்.

இந்தக் காட்சியை நான் ரொம்ப நேரம் யோசிச்சேன். வண்டி அதே வண்டி. மேல நின்ன ஆளும் அவரேதான், குரலும் அவரோடதுதான். பதிமூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த உயரம் ஆயிரம் பேர் பூ போடறதுக்கு வசதியா இருந்தது. இப்ப குறி வைக்கிறதுக்கு வசதியா இருந்தது. தவிர, அந்த வேனோட டிசைன் ஜனக் கூட்டத்துக்கானது. மேல நின்னா ஊரே பார்க்கணும், அதுக்குத்தான் அந்த லைட், மைக், உயரம் எல்லாம். ஹோட்டல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற நூத்துச் சொச்சம் பேர்கிட்ட பேச அதுல எந்த வசதியும் இல்ல. 1995-ல ஓட்டு இருந்தது ரோட்டுல இல்ல, அந்த ரூம்ல.

செப்டம்பர் 1-ல சந்திரபாபு முதலமைச்சரானார். நாலரை மாசம் கழிச்சு, 1996 ஜனவரி 18, ஹைதராபாத்ல மாரடைப்புல என்.டி.ஆர் இறந்துட்டார். தெலுங்கு கங்கையில இருந்து கிருஷ்ணா தண்ணி பூண்டி ஏரிக்கு முதல் தடவையா வந்து சேர்ந்ததும் அதே 1996-லதான், அவர் போன சில மாசத்துக்கு அப்புறம்.

அவருக்கு அப்புறம் இந்த வேன் ஐடியா எல்லாரோடதும் ஆயிடுச்சு. அவர் இருக்கும்போதே, 1990-ல அத்வானி ஒரு டொயோட்டா வண்டியைத் தேர் மாதிரி மாத்திக்கிட்டு சோம்நாத்ல இருந்து கிளம்பினார். இன்னைக்கு எந்தக் கட்சியா இருந்தாலும் கூரை ஓட்டை, ஹைட்ராலிக் மேடை, பக்கத்துல எல்.ஈ.டி. திரை, உள்ள ஏசி, சோபா. வேலை நேர்த்தியா இருக்கும், குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுல யாரும் தூங்குறதில்ல. ராத்திரி ஹோட்டலுக்குப் போயிடுறாங்க.

உங்கள்ல சிலர் கையில ஏதாவது ஒரு பழைய வேன் இருக்கும், மாத்திப் பார்க்கணும்னு கை துறுதுறுன்னு இருக்கும். எனக்கும் இருந்தது. போன வருஷம் சிம்போசியத்துக்காக நாங்க நாலு பேர் ஒரு பழைய வேனுக்கு பெயின்ட் அடிச்சோம். மழைக்காலம். நம்ம ஊர் கடற்காத்துல ஈரம் எவ்வளவு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சீக்கிரம் காயற என்.சி. பெயின்ட்டை அந்த ஈரத்துல அடிச்சா மேல்பூச்சு வெள்ளையாப் பனி பூத்த மாதிரி ஆயிடும். ஆச்சு. சைடுல இருந்த பிளாஸ்டிக் பட்டையைக் கழட்டினா உள்ள உப்புக்காத்து தின்ன துரு, விரல் போற அளவுக்கு. பட்டி போட்டு மறைச்சோம், ஒரே மாசத்துல கொப்புளம் வந்துச்சு. துருவை முழுக்கச் சுரண்டி, பிரைமர் அடிச்சு, வெயில் காலத்துல செஞ்சிருந்தா நின்னிருக்கும். அப்புறம் முக்கியமா, கலரை மாத்தினா ஆர்.டி.ஓ.கிட்ட சொல்லி ஆர்.சி. புக்ல ஏத்தணும். கூரை வெட்டுறது மாதிரி வண்டியோட அமைப்பையே மாத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல நிறைய கட்டுப்பாடு இருக்கு. 2019-ல சுப்ரீம் கோர்ட்டும் அதைக் கறாரா சொல்லிடுச்சு. 1982 மாதிரி நினைச்ச மாதிரி வெட்ட முடியாது.

ஹரிகிருஷ்ணா பத்தி மிச்சத்தையும் சொல்லிடுறேன். 1982-ல அந்த வேனை ஓட்டின மகன், 1995-ல அப்பா செருப்படி வாங்கினப்போ அப்பா பக்கம் இல்ல, சந்திரபாபு பக்கம் இருந்தார். புது அரசாங்கத்துல அவருக்குக் கிடைச்ச இலாகா போக்குவரத்து. கொஞ்ச காலத்துல அங்கயும் ஒத்துப் போகல, 1999-ல அப்பா பேரைச் சொல்லித் தனிக் கட்சி ஆரம்பிச்சார், அது ஓடல, பிற்பாடு திரும்பவும் பழைய கட்சிக்கே வந்தார். 2018 ஆகஸ்ட் 29 விடியற்காலை நல்கொண்டா மாவட்டத்துல ஹைவேயில ஒரு கார் விபத்துல அவர் இறந்தார். ஸ்டியரிங்ல இருந்தது அவரேதான்.